கூட்டிருப்பவரின் கூலி யார் கணக்கில்?

கேரள-தமிழ்நாடு எல்லைக் கடற்கரையில் உள்ள பொழியூரில் விடிவதற்கு முன்பே இரண்டு கூட்டம் எழுந்துவிடும். ஒன்று கடலை நம்பிப் போகிற கூட்டம். மற்றது திருவனந்தபுரம் 'மெடிக்கல் காலேஜ்' போகிற கூட்டம். இரண்டாவது கூட்டத்தைப் பேருந்து நிறுத்தத்திலேயே அடையாளம் கண்டுவிடலாம். நோயாளியின் கையில் ஒன்றும் இருக்காது. கூட வருபவரின் கையில் எல்லாம் இருக்கும்: வெந்நீர்ப் பிளாஸ்க், மாற்று லுங்கி, எக்ஸ்ரே படம் திணித்த பழுப்பு உறை, பழைய ஓ.பி. சீட்டுகளை மடித்து வைத்த பாலித்தீன் பை, தூக்குவாளியில் கஞ்சி. நெய்யாற்றின்கரைக்கு ஒரு பேருந்து, அங்கிருந்து தம்பானூருக்கு ஒன்று, தம்பானூரிலிருந்து மருத்துவக் கல்லூரிக்கு இன்னொன்று. தூரம் என்னவோ 35 கிலோமீட்டருக்குப் பக்கம்தான். அங்கே சீட்டுக்குச் சில ரூபாய், டாக்டருக்குக் காசில்லை. ஆஸ்பத்திரிப் பதிவேட்டைப் பொறுத்தவரை அந்த நாள் இலவச சிகிச்சையாக முடிந்துவிடுகிறது. கூட வந்த பெண் அன்று சந்தைக்கு மீன் சுமக்கப் போகவில்லை என்பதை எழுத அந்தப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

அந்தப் பெண்ணுக்குக் கேரள ஆஸ்பத்திரிகள் வைத்திருக்கும் பெயர் பைஸ்டாண்டர். மலையாளத்தில் கூட்டிருப்புக்காரர். ஆங்கில அகராதியைப் புரட்டினால் பைஸ்டாண்டர் என்றால் வேடிக்கை பார்ப்பவர் என்று இருக்கிறது. வார்டில் வேடிக்கை பார்க்க நேரமே இல்லாத ஆள் அவர்தான். ரத்தக் குப்பியை லேபுக்குக் கொண்டு ஓடுவது, இல்லாத மருந்தை வெளிக்கடையில் வாங்கி வருவது, ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, ராத்திரி கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுப்பது எல்லாம் அவர் வேலை. அவர் இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி ஒரு நாள்கூட ஓடாது. ஆனால் அவருடைய கூலி எந்த வரவு செலவிலும் இல்லை.

இந்தக் கூலியை எழுதாத வரை நம் சுகாதாரக் கணக்கு தப்புக் கணக்குதான் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். அதை எழுதச் சொல்லிக்கொண்டே வந்த துறை ஒன்று உண்டு: சுகாதாரப் பொருளாதாரம். அந்தத் துறையின் இந்திய வரலாற்றில் முக்கியமான சில பக்கங்கள், பொழியூர் பேருந்து போய் நிற்கிற அதே திருவனந்தபுரத்தில் எழுதப்பட்டவை. இப்போது அந்தப் பக்கங்களைத் திறந்து பார்க்கக் காரணம் இருக்கிறது. 2025 பிப்ரவரி 10 அன்று கேரளத் தலைமைச் செயலகத்தின் முன், வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்களான ஆஷா ஊழியர்கள் உட்கார்ந்தார்கள். மாதம் 7,000 ரூபாயாக இருந்த மதிப்பூதியத்தை 21,000 ஆக்கக் கேட்டார்கள். போராட்டம் மாதக்கணக்கில் நீண்டது. அதே ஆண்டு ஜூனில் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியின் ஒரு துறைத் தலைவரே, அறுவை சிகிச்சைக்குக் கருவிகள் வந்து சேரவில்லை என்று பொதுவெளியில் எழுதினார். நாட்டுக்கே எடுத்துக்காட்டு என்று பெயரெடுத்த ஒரு மாநிலத்தில் இரண்டும் ஒரே ஆண்டில் நடந்தன. கூலி கிடைக்காத பெண்கள் ஒரு பக்கம், சரக்கு கிடைக்காத ஆஸ்பத்திரி மறுபக்கம். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார் பைஸ்டாண்டர்.

பழைய சங்கதி, சுருக்கமாக

இந்த மண்ணுக்குப் பொதுச் சுகாதாரம் புதிதல்ல. திருவிதாங்கூரில் அம்மைத் தடுப்பு 1813-லேயே தொடங்கிவிட்டது. 1879-ல் அரசு ஊழியர்கள், மாணவர்கள், கைதிகள் எல்லாருக்கும் அது கட்டாயமானது. நெய்யூரில் லண்டன் மிஷன் ஆஸ்பத்திரி 1838-லேயே வேர்விட்டது. எவரெஸ்ட் ஏறப் போன டாக்டர் சோமர்வெல் பல்லாண்டு கத்தி பிடித்த இடம் அது. ராக்பெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு 1930களில் திருவிதாங்கூர் ஒரு மாதிரிச் சுகாதாரப் பிரிவைத் தொடங்கியபோது அதற்குத் தேர்ந்தெடுத்த இடம் நெய்யாற்றின்கரை. கொக்கிப் புழு, கக்கூஸ், பிரசவம், தடுப்பூசி ஆகியவற்றை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் முறை இங்கே பரிசோதிக்கப்பட்டது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கியது. அன்றிலிருந்து பொழியூருக்கும் கொல்லங்கோட்டுக்கும் இடையே ஒரு கோடு. காய்ச்சலுக்கு அந்தக் கோடு தெரியாது. ரேஷன் கார்டுக்குத் தெரியும்.

ஒரு பொருளாதார மாணவி போன திசை

திருவனந்தபுரம் உள்ளூரில் இருக்கிறது வளர்ச்சி ஆய்வு மையம். 1970-ல் தொடங்கிய இந்த மையம்தான், வறுமையிலும் கேரளத்தில் சாவு விகிதம் எப்படிக் குறைந்தது என்ற கேள்வியை 1975-ல் ஐ.நா.வுக்காகச் செய்த ஆய்வின் மூலம் உலகின் முன் வைத்தது. பி.ஜி.கே. பணிக்கரும் மருத்துவர் சி.ஆர். சோமனும் 1984-ல் அதையே நூலாக விரித்தார்கள். கேரளத்தான் சாவது குறைவு, ஆனால் நோயில் படுப்பது அதிகம் என்பது அவர்கள் காட்டிய முரண். இதே மையத்தில் பயன்பாட்டுப் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் டி.கே. சுந்தரி ரவீந்திரன். பொருளாதாரம் படித்தவர்கள் வழக்கமாகப் போகும் திசை வங்கி, திட்டக் கமிஷன், பன்னாட்டு நிறுவனம். இவர் செங்கல்பட்டுக் கிராமங்களுக்குப் போனார். 1981-ல் அங்கே தொடங்கிய கிராமியப் பெண்கள் சமூகக் கல்வி மையத்தை நிறுவிய பெண்களில் அவர் ஒருவர். உடன் நின்ற மற்றவர்கள் பெரும்பாலும் தலித் கிராமங்களைச் சேர்ந்த பெண்கள். பெண்கள் எதனால் சாகிறார்கள், எதனால் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கிறார்கள் என்று அந்தப் பெண்களே கூடி உட்கார்ந்து பேசியதுதான் அங்கே ஆய்வின் முதல் படி.

1992-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரை உலக அளவில் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டப்பட்டது. தலைப்பே 'சொல்லப்படாத கதை' என்றுதான் தொடங்கும். பிரசவத்தில் பெண்கள் ஏன் சாகிறார்கள் என்று கேட்டால் அதுவரை வந்த விடை வழக்கமானது: அறியாமை, வறுமை, தாமதமாக வந்தாள். வளரும் நாடுகளின் ஆய்வுகளை ஒன்றாகப் பரப்பி வைத்துக்கொண்டு சுந்தரி கேள்வியைத் திருப்பிப் போட்டார். வந்து சேர்ந்த பிறகும் ஏன் செத்தாள்? ரத்தம் இல்லை, மருந்து இல்லை, பயிற்சி பெற்ற ஆள் இல்லை, மேல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி இல்லை. அதாவது சாவுக்கு மருத்துவ அமைப்பே ஒரு காரணம். இன்று இதை எல்லாரும் சொல்கிறோம். அன்று இதைச் சொல்ல ஒரு பொருளாதார மாணவியின் பழக்கம் தேவைப்பட்டது: எந்தப் பொருள் எங்கே கிடைக்கவில்லை, அந்த இல்லாமையின் விலையை யார் கொடுத்தார்கள் என்று தேடும் பழக்கம். பின்னாளில் அவர் திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மருத்துவ நிறுவனத்தின் அச்சுத மேனன் மையத்தில் பேராசிரியராக இருந்தார். பொதுச் சுகாதாரத்தில் முதுநிலைப் படிப்பை 1997-லேயே தொடங்கிய மையம் அது. மருத்துவக் கல்லூரியின் பக்கத்திலேயே இருக்கிறது. பொழியூர்ப் பெண் ஓ.பி. வரிசையில் நிற்கும் இடத்துக்கும், அவள் வரிசையில் நிற்பதன் விலை பற்றிப் பாடம் நடக்கும் வகுப்பறைக்கும் நடை தூரம்தான். உலக வங்கி காலத்துச் சுகாதாரச் சீர்திருத்தங்கள் பெண்களை எங்கே கொண்டுபோய் விட்டன என்று 2005-ல் ஹெலன் டி பின்ஹோவுடன் தொகுத்தார். இந்தியாவின் சுகாதார ஏற்றத்தாழ்வு பற்றி 2018-ல் ரக்கல் கெய்தொண்டேவுடன் ஒரு தொகுப்பு நூல் கொண்டுவந்தார்.

இந்த வாழ்க்கைப் பாதையைப் பார்த்தால் ஒன்று விளங்கும். அவர் கிராமத்தில் தொடங்கிப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். பெரும்பாலோர் பாதை தலைகீழ். கேள்வித்தாளை அலுவலகத்தில் அச்சடித்துக்கொண்டு கிராமத்துக்குப் போவார்கள். கேள்வித்தாளில் கட்டம் இல்லாத விஷயம் கிராமத்தில் இருந்தாலும் அவர்கள் கண்ணில் படாது.

[பெட்டிச் செய்தி: சராசரி சொல்லும் கதை]

● பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவை (2020): கேரளம் 6, தமிழ்நாடு 13, இந்தியா 28.
● ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குப் பேறுகால மரணம் (2018-20): கேரளம் 19, தமிழ்நாடு 54, இந்தியா 97.
● மொத்தச் சுகாதாரச் செலவில் குடும்பம் கையிலிருந்து கொடுக்கும் பங்கு (2019-20): இந்தியா 47.1%. கேரளத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு.
● இந்திய அளவில் அந்தப் பங்கு 2013-14-ல் 64.2%. 2021-22-ல் 39.4%.

கடற்கரை எங்கே போனது?

பெட்டியில் உள்ள முதல் இரண்டு வரியும் மூன்றாவது வரியும் ஒரே மாநிலத்தைப் பற்றியவைதானா என்று சந்தேகம் வரும். ஒரே மாநிலம்தான். குழந்தைச் சாவில் ஐரோப்பாவோடு போட்டி போடும் கேரளம், மருந்துச் செலவைக் குடும்பத்தின் தலையில் வைப்பதில் நாட்டின் முன்வரிசையில் நிற்கிறது. இது எப்படி நேர்ந்தது என்பதையும் இங்குள்ள ஆய்வாளர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அச்சுத மேனன் மையத்தின் வி. ராமன்குட்டி காட்டிய கணக்கு இது: 1986-க்கும் 1996-க்கும் இடையே அரசு ஆஸ்பத்திரிப் படுக்கைகள் 36,000-லிருந்து 38,000 ஆயின. தனியார் படுக்கைகள் 49,000-லிருந்து 67,500-ஐத் தாண்டின. அரசு பணமில்லாமல் நின்ற இடத்தில், அரசே வளர்த்துவிட்ட ஆரோக்கிய ஆசையைத் தனியார் வந்து அறுவடை செய்துகொண்டார்கள். மக்கள் அறிவியல் அமைப்பான கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1987-ல் ஏறத்தாழ 10,000 கிராமக் குடும்பங்களிடம் எடுத்த கணக்கில் ஓர் ஆளுக்கு ஆண்டு மருத்துவச் செலவு 89 ரூபாய். 1996-ல் மீண்டும் எடுத்தபோது அது 549. விலைவாசியைக் கழித்தாலும் பெரிய தாவல்.

இந்த எண்கள்கூட சராசரிதான். சராசரிக்குள் கடற்கரை கரைந்துபோகும். பொருளாதார ஆய்வாளர் ஜான் குரியன் 1995-லேயே இதைச் சுட்டினார்: கேரள மாதிரி என்று கொண்டாடப்படும் கோட்டுக்கு வெளியே விழுந்த புள்ளி மீனவச் சமூகம். குடியிருப்பின் நெருக்கம், குடிநீர், கழிப்பறை, பெண்களின் கல்வி எல்லாவற்றிலும் கரை பின்தங்கி நின்றது. கொல்லங்கோடு எல்லையை ஒட்டிய பொழியூர்க் கரையில் கடலரிப்பு வீடுகளையே தின்கிறது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது எல்லையின் இருபுறமும் கடலுக்குப் போன ஆட்கள் பலர் திரும்பவில்லை. வீடு போன குடும்பம் வாடகைக்கு உள்ளே நகரும்போது சுகாதார நிலையத்தின் பதிவேட்டிலிருந்தும் நகர்ந்துவிடுகிறது.

இன்னொரு பொறி உண்டு. செலவுக் கணக்கில், ஆஸ்பத்திரிக்குப் போகாதவரின் செலவு பூஜ்யம். சர்க்கரைக்கு மாதா மாதம் போக வேண்டியவர், பஸ் காசையும் ஒரு நாள் வேலையையும் நினைத்து மூன்று மாதம் போகவில்லை என்றால், அந்த மூன்று மாதமும் புள்ளிவிவரத்தில் அவர் செலவில்லாத நல்ல குடும்பத்தார். நான்காவது மாதம் கால் புண்ணோடு வார்டில் சேரும்போதுதான் கணக்கில் தோன்றுவார். பிரிட்டனின் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-ல் 'லான்செட்' இதழில் எழுதியது இதைத்தான்: நல்ல மருத்துவம் அது அதிகம் தேவைப்படுகிறவர்களுக்கே குறைவாகக் கிடைக்கிறது. வேல்ஸ் நாட்டின் சுரங்கக் கிராமத்தைப் பார்த்து எழுதியது. கடற்கரைக்கும் அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்துகிறது.

இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். தேசிய மாதிரி ஆய்வின் கேள்வித்தாளில் போக்குவரத்துச் செலவும், கூட வந்தவரின் சாப்பாடு, தங்கல் போன்ற செலவும் கேட்கப்படுகின்றன. கேள்வி இல்லை என்று குறை சொல்ல முடியாது. குறை அடுத்த கட்டத்தில். ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்கு, 2025-ல் அளவுகோல் திருத்தப்படும் வரை, குடும்பச் செலவில் 10 சதவீதத்தை மருத்துவம் தின்றால் அதைப் பெருஞ்சுமை என்றது. 25 சதவீதத்தை அதைவிடக் கடுமையான எல்லையாக வைத்தது. அந்த அளவுகோலில் பஸ் காசும் கூட்டிருப்பவரின் இழந்த கூலியும் சேரவில்லை. கேட்ட கேள்வி அறிக்கையின் பின்னிணைப்போடு நின்றுவிடுகிறது. அமைச்சர் பார்க்கும் ஒற்றை எண்ணில் அது இல்லை.

அட்டை இருக்கிறது, மாத்திரை?

விளைவு, திட்டங்களின் வடிவத்தில் தெரிகிறது. கேரளத்தின் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. தமிழ்நாட்டில் 2009-ல் தொடங்கிய முதலமைச்சர் காப்பீடும் அதே வழிதான். இரண்டும் அடிப்படையில் படுக்கையில் சேர்ந்தால் கிடைக்கும் பணம். குடும்பத்தை மெல்ல மெல்ல அரிப்பது படுக்கை அல்ல. வாழ்நாள் முழுக்க விழுங்க வேண்டிய ரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை மாத்திரை, மாதச் சோதனை. இந்தியக் குடும்பங்களின் கைச்செலவில் பெரும்பங்கு மருந்துக்குப் போகிறது என்பதை ஆய்வுக்கு மேல் ஆய்வு சொல்லிவிட்டது. பெரிய அறுவைக்கு அட்டை காப்பாற்றும். அந்த அறுவைக்குக் கொண்டுபோய் விடும் பத்து வருடச் சில்லறைச் செலவுக்கு அட்டை வாய் திறக்காது. காருண்யா என்ற பெயரே ஒரு லாட்டரிச் சீட்டின் பெயராகவும் இருந்தது. ஏழைகள் வாங்கிய சீட்டின் லாபத்தில் ஏழைகளின் சிகிச்சை. வேண்டுமென்று யோசித்தாலும் இப்படி ஒரு உருவகம் கிடைக்காது.

எல்லையில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. இங்கே கல்யாணங்கள் கோட்டைப் பார்த்து நடப்பதில்லை. பிறந்த வீடு கொல்லங்கோட்டில், புகுந்த வீடு பொழியூரில், தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு. அவசரத்துக்குக் குழித்துறை அரசு ஆஸ்பத்திரியா, பாறசாலை தாலுகா ஆஸ்பத்திரியா, நாகர்கோவில் ஆசாரிப்பள்ளமா, திருவனந்தபுரமா என்பதை வண்டி கிடைக்கிற திசை தீர்மானிக்கும். மத்திய அரசுத் திட்டத்தின் பட்டியலில் உள்ள குடும்பத்துக்குக் காப்பீடு மாநிலம் தாண்டியும் செல்லும் என்கிறது விதி. மாநிலம் தன் செலவில் சேர்த்துக்கொண்ட குடும்பங்களுக்கு அதே உறுதி இல்லை. ஒரே தெருவில் இரண்டு விதி. குமரிக் கரையின் நோயாளிகள் திருவனந்தபுரத்துக்கு வருவது இன்று நேற்றுப் பழக்கமல்ல. பழைய தலைநகரம் அது. இரண்டு மாநிலங்களின் திட்டமும் ஒவ்வொரு குடும்பமும் ஒரே மாநிலத்துக்குள் பிறந்து, படுத்து, சாகும் என்று நினைத்துப் போடப்பட்டவை.

[பெட்டிச் செய்தி: தமிழ்நாடு காட்டிய வழி]

மருந்தை மாநிலமே மொத்தமாக ஏலத்தில் வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்கில் வைத்து, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து அனுப்பும் முறை தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தால் வந்தது. 1994-ல் தொடங்கியது. அன்றைய சுகாதாரச் செயலர் ஆர். பூரணலிங்கம் வடிவமைப்பில் முக்கியப் பங்காற்றினார். கேரளம் 2007-08-ல் இதே மாதிரியில் தன் கழகத்தை அமைத்தது. ராஜஸ்தான் 2011-ல் பின்தொடர்ந்தது.

எதிர்வாதங்கள்

இங்கே மூன்று மறுப்புகள் எழும். முதலாவது கனமானது. கேரளத்தான் அதிகம் செலவழிப்பது அவன் விவரம் தெரிந்தவன் என்பதால். நோயை நோய் என்று அறிந்தவன்தான் டாக்டரிடம் போவான். அமர்த்தியா சென் 2002-ல் இதை அழகாக எடுத்துச் சொன்னார்: நோய் இருப்பதாகத் தாமே சொல்பவர்கள் பிகாரை விடக் கேரளத்தில் அதிகம், அதனால் பிகாரி ஆரோக்கியமானவன் ஆகிவிட மாட்டான். முழுக்க ஒப்புக்கொள்ள வேண்டிய வாதம். ஆனால் அது விளக்குவது, கேரளத்தான் ஏன் டாக்டரிடம் போகிறான் என்பதை. பில் ஏன் வீட்டுக்கு வருகிறது என்பதை அது விளக்கவில்லை. விவரம் தெரிந்த மக்களைக் கொண்ட பிரிட்டனில் அந்தப் பில் வரிப்பணத்துக்குப் போகிறது.

இரண்டாவது மறுப்பு: வசதி உள்ளவர்கள் விரும்பித் தனியாருக்குப் போகிறார்கள், அவர்கள் செலவுதான் கேரளத்தின் எண்ணை ஏற்றிக் காட்டுகிறது. இதிலும் உண்மை உண்டு. வளைகுடாப் பணம் சராசரியைத் தூக்கத்தான் செய்யும். அப்படியானால் இது சராசரியை நம்பாதே என்பதற்கு இன்னொரு காரணமாகிறதே தவிர, கரையின் சுமை குறைவு என்பதற்குச் சான்றாகாது. பணக்காரர் மூன்று லட்சம் கொடுத்து எழுந்து போவதும், மீன்காரப் பெண் மூவாயிரத்துக்கு வட்டிக்கு வாங்குவதும் ஒரே கூட்டலில் சேர்ந்தால் அந்தக் கூட்டல் யாருக்கும் உதவாது.

மூன்றாவது, இந்த ஆய்வாளர்கள் எழுதி என்ன ஆயிற்று என்ற அலுப்பு. ஏதும் ஆகவில்லை என்று சொல்ல முடியாது. பேறுகால மரணத்தில் ஆஸ்பத்திரியின் பங்கைத் தணிக்கை செய்வது இன்று அரசு வழக்கம். பரிஷத் எடுத்த கணக்குகள் கேரளத்தின் சுகாதார விவாதத்தையே மாற்றின. மருந்துக் கழகம் என்ற எளிய யோசனை, கைச்செலவின் பெரும்பங்கு மருந்துதான் என்பதைத் தொட்ட யோசனை. ஆனால் கழகம் அமைப்பதோடு வேலை முடிவதில்லை என்பதை 2025-ன் கருவித் தட்டுப்பாட்டுச் செய்தி காட்டிவிட்டது. சப்ளை செய்தவருக்குப் பணம் நிலுவையில் நின்றால் கிடங்கு காலியாகும். கிடங்கு காலியானால் பைஸ்டாண்டர் வெளிக்கடைக்கு நடப்பார். அரசின் கடன் இப்படித்தான் சத்தமில்லாமல் ஒரு வீட்டின் கடனாக மாறுகிறது.

செய்ய வேண்டியது என்ன?

பெரிய ஆஸ்பத்திரியை இன்னும் பெரிதாக்குவதைவிட, அங்கே போக வேண்டிய நடையைக் குறைப்பதுதான் மலிவான வழி. கேரளம் 2017-ல் ஆர்த்ரம் என்ற பெயரில் ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப சுகாதார மையங்களாக மாற்றத் தொடங்கியது, மாலை ஓ.பி.யும் அதில் உண்டு. தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்று மாத்திரையை வீட்டுக்கே அனுப்பத் தொடங்கியது. எல்லையின் இரு பக்கமும் பாதிப் பாதி விடை இருக்கிறது. கேரளத்திடம் ஊரோடு ஒட்டிய மையம் இருக்கிறது. தமிழ்நாட்டிடம் கதவு வரை வரும் மாத்திரை இருக்கிறது. இரண்டையும் ஒரே தெருவில் சேர்ப்பதற்கு வேண்டியது இரண்டு மாவட்டச் சுகாதார அலுவலகங்களின் ஓர் உடன்பாடும் ஒரு பொதுப் பதிவேடும்தான். மாத்திரையைக் கொண்டுபோகும் கால் பெரும்பாலும் ஒரு பெண்ணின் கால். அவளுக்குக் கூலி என்று சொல்லாமல் மதிப்பூதியம் என்று சொல்லும் வழக்கமும் சேர்ந்து மாற வேண்டும். வீட்டில் நோயாளியைப் பார்க்கும் பெண்ணின் வேலையைச் சும்மா என்று எண்ணும் அதே பழக்கம்தான் ஆஷாவின் வேலையையும் சும்மா என்று எண்ண வைக்கிறது.

கணக்கு எடுப்பதும் கடினமல்ல. டிஸ்சார்ஜ் சீட்டில் மூன்று கட்டம் சேர்த்தால் போதும்: எத்தனை பேருந்து மாறி வந்தீர்கள், கூட எத்தனை நாள் யார் இருந்தார், அவருக்கு எவ்வளவு வேலை போனது. மருத்துவக் கல்லூரிக்கு அது ஒரு நிமிட வேலை. ஆறு மாதம் சேர்த்தால், எந்தக் கிராமத்தின் பக்கத்தில் எந்த சிகிச்சை இல்லாததால் எவ்வளவு கூலி கரைகிறது என்று வரைபடமே போட்டுவிடலாம்.

கேரளத்தில் அதிகாரப் பரவலுக்கான மக்கள் திட்டம் வந்த 1996-லிருந்து ஆரம்ப சுகாதார நிலையம் ஊராட்சியின் பொறுப்பில் இருக்கிறது. கொல்லங்கோட்டில் அப்படியல்ல; அங்கே நகராட்சியே வந்துவிட்டாலும் சுகாதார நிலையம் மாநிலத் துறையின் கையில்தான். ஆகவே பொழியூர்க்காரர்களுக்கு ஒரு வசதி கூடுதலாக உண்டு. அடுத்த கிராமசபையில் எழுந்து நின்று கேளுங்கள்: நம் சுகாதார நிலையத்தில் இந்த மாதம் எத்தனை நாள் சர்க்கரை மாத்திரை இல்லை? அந்த நாட்களில் எத்தனை பேரைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினீர்கள்? பதிலை மினிட்ஸ் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.